தாய்மாமன் கெடா

சாப்பிடுங்கண்ணா, சாப்பிடுங்க. நான் பாக்கல. அந்தப் பக்கட்டுத் திரும்பிக்கறேன். முட்டை பப்ஸுங்களா? வாசம் அடிச்சுது, அதுதான் கேட்டேன். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொன்னாச் சண்டைதான் வருது. போன வாரம் இப்படித்தான் பஸ்ஸுல ஒருத்தரு ஆம்லெட் பொட்டலத்தைப் பிரிச்சாரு. ‘அண்ணா, அந்த முட்டை போட்ட கோழி நிக்கற கூண்டு எத்தச்சோடு இருக்கும்னு தெரியுங்களா’ன்னு ஒரு வார்த்தைதான் கேட்டேன். மனுசன் எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிட்டாரு. ஒரு காயிதத்தை விரிச்சுப் போட்டா எத்தச்சோடோ அத்தச்சோடுங்க. ரெக்கைய விரிக்க முடியாது. ஆயுசு பூராவும்... சரி, உட்டுடறேன். நீங்க சாப்பிடுங்க.

காலைச் சித்தெ எடுத்துக்குங்க, கெடா மிதிச்சுப்போடும். ஆமாங், என்ற கெடாதான். கண்டக்டரு ஏத்தவே மாட்டேன்னாரு. காலைப் புடிக்காத குறையாக் கெஞ்சி, லக்கேஜ் போட்டு, கடைசி சீட்டோட நிறுத்தியிருக்கறேன். வித்துப்போடறதுக்கும் இல்லீங்க, வளப்புக்கும் இல்லீங்க. அதெல்லாம் பெரிய கதை. நான் குண்டடத்துல எறங்கிக்கறேன். அங்க ஒருத்தரு தோட்டத்துல இதை உட்டுக்கலாம்னு சொல்லியிருக்கறாரு. ‘சொல்லியிருக்கறாரு’ன்னா, பாக்கலாம்னு சொன்னாரு. பாக்கலாம்னா சரிங்கறமாதிரித்தானே?

பல்லடம் தாண்டீருச்சுங்களா? அந்த சன்னலு மூடாதுங்களா? மானம் கறுத்துட்டு வருது. மழை வந்தா இதுமேல அடிக்கும். இல்லீங்க, சளி புடிச்சுக்குமல்ல, அதுக்குத்தான்.

என்ற பேரு பூபதிங்க. கோயமுத்தூருல பம்புசெட்டு உதிரிபாகக் கடையில இருக்கறேன். அது வயித்துக்கு. ஞாயித்துக்கெழமையானா நான் வேற ஆளு. ‘பசுந்தட்டு’ன்னு ஒரு கூட்டம் வெச்சிருக்கறோம். பஸ் ஸ்டாண்டுகிட்ட மூஞ்சிக்கு முகமூடியப் போட்டுட்டு, கையில லேப்டாப்பைப் புடிச்சுட்டு, சிலையாட்ட நிப்போம். கோழிப்பண்ணைக்குள்ள என்ன நடக்குது, பால்பண்ணையில கன்னுக்குட்டி எங்க போகுது, எல்லாம் படமா ஓடும். நின்னு பாக்கறவங்ககிட்டப் போயிப் பேசோணும். பேசற வேலை எனக்கு. எனக்கு வாய் உண்டுன்னு எல்லாருமே சொல்லுவாங்க. ஒருக்கா ஒரு பெரியவரு நின்னு முழுசாப் பாத்துட்டுக் கேட்டாரு, ‘தம்பி, எங்கப்பன் காலத்துல எங்களுக்குக் கறி தீவாளிக்கு ஒருக்காத்தான். இப்பத்தான் நாலு வருசமா வாராவாரம் வாங்கறோம். இப்ப வந்து வேண்டாம்ங்கறியே’ன்னு. நான் நோட்டீஸ் ஒண்ணைக் கையில குடுத்தேன். அவரு படிக்காமலே மடிச்சுச் சட்டைச் சோப்புல வெச்சுட்டுப் போனாரு. படிச்சிருப்பாருங்க.

பாலும் தொடறதில்ல. அதுனாலதான் கலியாணம் தள்ளிப்போகுதுன்னு எங்கக்கா சொல்லும். பொண்ணு பாக்கப் போனா என்ன தர்றாங்க? காப்பி. பால் காப்பி. அந்தப் புள்ளை தட்டத்தோட வந்து நிக்கும், நான் ‘வேண்டாமுங்க’ம்பேன். காப்பிய வேண்டாம்னா பொண்ணையே வேண்டாம்னுட்டான்னு அவங்க எடுத்துக்கறாங்க. மூணு எடத்துல இப்படி ஆச்சு. எங்கக்கா தலையில அடிச்சுக்கிச்சு. ‘ஒரு வாய் குடிச்சுட்டு வந்து வாந்தியெடுத்தாத்தான் என்னடா’ன்னுச்சு. கொள்கைன்னா என்னன்னு அதுக்குத் தெரியாதுங்க. மூலனூர்ப் பக்கம் காட்டுக்குள்ள குடித்தனம். ஆடுதான் அதுக்கு உலகம்.

எங்கம்மா சீக்கிரம் போயிட்டாங்க. அக்காதான் என்னைய வளத்துச்சு. கலாமணின்னு பேரு. என்னைய டிப்ளமோ படிக்க வெச்சதும் அதுதான். எதைக் கொண்டுன்னா, ஆட்டைக் கொண்டுதான். ஃபீஸ் கட்டற சமயம் வந்தாப் பட்டியில ஒரு கெடா கொறையும். நான் ஊட்டுக்குப் போறப்ப எண்ணிப் பாத்து ‘அக்கா, அந்தச் செவலைக் கெடா எங்க’ம்பேன். ‘அது காலேஜுக்குப் போயிருச்சு’ன்னு சிரிக்கும். அந்தப் படிப்புதானுங்க எனக்குக் கண்ணைத் தொறந்தது. படிக்காம இருந்திருந்தா நானும் கறி தின்னுட்டுத்தான் இருந்திருப்பேன்.

அக்காவுக்கு ஒரே புள்ளை. பாப்பான்னுதான் கூப்புடுவோம். போன வருசத்துக்கு முந்துன வருசம் டெங்கு வந்து, கோயமுத்தூரு ஆஸ்பத்திரியில வெச்சிருந்தோம். ரத்தத்துல எதுவோ கொறையுதுன்னு டாக்டரு உதட்டைப் பிதுக்கிட்டாரு. அக்கா ஆஸ்பத்திரி வராண்டாவுல, எல்லாரும் செருப்புக்காலோட நடக்கற எடத்துல, தரையில உழுந்து கும்பிட்டுச்சு. ‘கருப்பராயா, புள்ளையக் குடு. தாய்மாமன் கெடாவோட வந்து காது குத்தறேன்’னு. பக்கத்துல நான்தான் நிக்கறேன். பாப்பா பொழச்சுக்கிச்சு. நான் பப்பாளி எலைச் சாறு குடுத்தேன், அதுலதான் பொழச்சுதுன்னு நான் சொல்றேன். அக்கா சாமிங்குது.

அவங்க வழக்கத்துல காதுகுத்துக் கெடாவைத் தாய்மாமன்தான் கொண்டாரோணும். கெடா வெட்டுப்பட்டு உழுந்த பொறவு, தாய்மாமன் மடியில வெச்சுக் காது குத்தோணும். நான் எப்படிங்க கெடா கொண்டு போறது? ஞாயித்துக்கெழமை லேப்டாப்பைப் புடிச்சுட்டு நிக்கறவன், திங்கக்கெழமை கெடாவை இழுத்துட்டுப் போனா நல்லா இருக்குதுங்களா? முடியாதுன்னுட்டேன். பூசணிக்காய் கொண்டாறேன், அதை வெட்டுங்கன்னேன். ஒரு வருசம் அப்படியே போச்சு. ஒறம்பரை, சொந்தக்காரங்கெல்லாம் அக்காவைக் கேலி பேசியிருக்கறாங்க. ‘உன்ற தம்பி எப்பப் பூசணிக்காயோட வர்றான்’னு. அதோட மாமியா, ‘சாமி கடனை நிறுத்தி வெச்சிருக்கறா, புள்ளைக்கு என்ன வரப்போகுதோ’ன்னு தெனமும் குத்தியிருக்குது.

கடைசியில அக்காவே போன் பண்ணுச்சு. ‘சாமி, நீ வெறுங்கையோட வா. கெடாவை நானே வளத்து வெச்சிருக்கறேன். தம்பி குடுத்ததுன்னு சொல்லீர்றேன். நீ வந்து மடி மட்டும் குடு’ன்னுச்சு. நான் ஒத்துக்கலீங்க. வெட்டறதா இருந்தா வர மாட்டேன்னேன். அப்பறம் அதுதான் சொல்லுச்சு, ‘சரிடா. துளுக்குனாத்தானே வெட்டுவாங்க. துளுக்கலீன்னா உட்டுருவாங்க. சாமிகிட்டயே உட்டுருவோம்’னு.

உங்க பக்கமும் துளுக்குக் கேப்பாங்களா? கெடாவைக் கோயல் முன்னால நிறுத்தி, மஞ்சத்தண்ணியத் தலையிலயும் முதுகுலயும் தெளிச்சுட்டு எல்லாரும் கும்பிட்டு நிப்பாங்க. அது ஒடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்போணும். சிலுப்புனா சாமி ஏத்துக்கிச்சு, கெடாவும் சம்மதிச்சுருச்சுன்னு அர்த்தம். அது வரைக்கும் யாரும் கத்தியைத் தொடக்கூடாது. எனக்குச் சிரிப்பா வரும். தண்ணி பட்டாச் சிலுப்பாம என்ன பண்ணும்? அதுக்குப் பேரு சம்மதமா? வெட்டறதுன்னு முடிவு பண்ணீட்டுக் கேக்கற கேள்வி. இதைப் பத்தி நான் ஒரு பதிவே போட்டிருக்கறேன், நெறையப் பேரு பகிர்ந்தாங்க.

ஆனா அக்கா சொன்னப்ப எனக்கு ஒரு ரோசனை உழுந்துச்சு. தண்ணி பட்டாத்தானே சிலுப்பும்? படாம இருந்தா?

காதுகுத்துக்கு அன்னைக்குக் காத்தால நான் முன்னாலயே போயிட்டனுங்க. எல்லாரும் சமையலுக்கு அடுப்பு மூட்டறதுல இருந்தாங்க. கெடா கோயலுக்குப் பின்னால வேப்பமரத்துல கட்டியிருந்துச்சு. பாப்பா அதுக்கு மணியன்னு பேரு வெச்சிருந்தா. கையில செக்குக் கடலெண்ணெய் கொண்டு போயிருந்தேன். நெய்யுதான் நல்லாப் புடிக்கும்னு ஒருத்தன் சொன்னான். நெய்யை நான் தொடுவனுங்களா? கடலெண்ணெய்தான். காதுக்குள்ள, பிடரியில, முதுகுத்தண்டு நெடுக, மயிருக்கு அடியில ஏறற வரைக்கும் தேய்ச்சேன். அதுபாட்டுக்கு என்ற தோளுமேல தலைய வெச்சுட்டு நின்னுச்சு. சொகமா இருந்திருக்கும். எத்தனை வருசம் உசுருங்களுக்காகப் பேசியிருக்கறேன், ஒரு உசுரு என்ற தோளுல சாஞ்சது அன்னைக்குத்தான்.

அப்பறம் பாருங்க கூத்தை. தண்ணி தெளிக்கறாங்க, வழுக்கிட்டுப் போகுது. மறுக்காத் தெளிக்கறாங்க. கெடா அசையறதில்ல, அதுபாட்டுக்கு அசை போடுது. நான் பட்டுவேட்டி கட்டிட்டு, மொட்டையடிச்சுச் சந்தனம் பூசுன பாப்பாவை மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கறேன். அவ காதுகிட்ட வந்து, ‘மாமா, எனக்குக் காது குத்த வேண்டாம்னுதான் மணியன் தலையாட்ட மாட்டேங்குது’ன்னா. அவளுக்கு ஊசின்னாப் பயம். நானும் ஆமாங்கண்ணு, ஆமாங்கண்ணுன்னேன்.

வெயிலு ஏறிருச்சு. பூசாரி சொல்லீட்டாரு, ‘வூட்டுக்குள்ள மனத்தாங்கல் இருக்குது, இருக்கறவங்க வந்து சாமி முன்னால சொல்லித் தண்ணி தெளிங்க’ன்னு. அப்பத்தானுங்க வேடிக்கையே. அக்காவோட புருசன் எங்க மாமாவும் அவரு அண்ணனும் வேலித் தகராறுல பேச்சுவார்த்தை இல்லாம இருந்தவங்க. அவங்க ரெண்டு பேரும் எல்லாத்துக்கும் முன்னால கையைப் புடிச்சுட்டு அழுதாங்க. ஒரு சின்னம்மா அவங்க மருமககிட்ட மன்னிப்புக் கேட்டாங்க. ஒவ்வொருத்தரா வர்றாங்க, சொல்றாங்க, தண்ணி தெளிக்கறாங்க. எல்லாம் என்ற கடலெண்ணெய் பண்ணுன வேலை. நான் ஒரு வார்த்தை பேசலீங்களே!

எல்லாரும் சொல்லியாச்சு. கெடா துளுக்கல. அதோட மாமியா அக்காவைப் பாத்து, ‘இன்னும் சொல்லாதவ நீ ஒருத்திதான்டி’ன்னுச்சு.

அக்கா போயி கெடாவோட கழுத்தைக் கட்டிப் புடிச்சுக்கிச்சு. ‘மணியா, எம்புள்ளை உசுருடா, துளுக்குடா’ன்னு அழுவுது. எனக்கு அந்தச் சத்தம் புடிக்கவே இல்லீங்க. அக்கா அப்படி அழுது நான் கேட்டதில்ல, ஆஸ்பத்திரியிலகூட இல்ல. அப்பறம் சட்டுனு நிறுத்திருச்சு. கையை எடுத்துப் பாத்துச்சு. மினுமினுன்னு இருந்துச்சு. மோந்து பாத்துச்சு. என்னையப் பாத்துச்சு. ஒரே ஒருக்காதான். அப்பறம் என்ன பண்ணுச்சுங்கறீங்க? அந்தக் கையை அப்படியே தலையில தேய்ச்சுக்கிச்சு. தலைக்கு எண்ணெய் வெக்கறமாதிரி ரெண்டு கையையும் தேய்ச்சுக்கிச்சு. அத்தனை கூட்டத்துக்கு நடுவுல என்னத்துக்கு அதுன்னு எனக்கு இன்னும் பிடிபடல. தெரிஞ்சிருக்காதுங்க. தெரிஞ்சிருந்தா எங்கக்கா சும்மா இருக்குமா? சின்ன வயசுல பொய் சொன்னா வெளக்குமாத்தோட துரத்தும்.

எந்திரிச்சு நின்னு சொல்லுச்சு, ‘குத்தம் என்றதுதான். இது தம்பி குடுத்த கெடா இல்ல. நானே வளத்துட்டு அவன் பேரைச் சொன்னேன். சாமியை ஏமாத்தப் பாத்தேன். அதுதான் சாமி வேண்டாம்னுருச்சு’ன்னு.

அவ்வளவுதானுங்க. மாமியா மண்ணை வாரி எறிஞ்சுச்சு. மாமா அக்காவை ஏறெடுத்துப் பாக்கல. அடுப்பைத் தணிச்சாங்க. கறியில்லாத சோறு, வெறும் ரசம். ஒறம்பரையெல்லாம் மொணங்கிட்டே தின்னாங்க. நான் ரெண்டாந்தடவை சோறு வாங்கித் தின்னேன். அந்தக் கோயல்ல நான் நிம்மதியாச் சாப்பிட்டது அன்னைக்குத்தான். காது குத்தலீங்க, கெடா உழாம எப்படிக் குத்துவாங்க? பாப்பா சந்தோசமா ஓடிட்டிருந்தா.

கெளம்பறப்ப அக்கா வந்து கயித்தை என்ற கையில குடுத்துச்சு. பக்கத்துல ஒருத்தரும் இல்ல. தலையில இருந்து கடலெண்ணெய் வாசம் வருது. ‘கெடா உன்றதுடா. உன்ற பேருலதான் வளத்தேன், நீயே ஓட்டிட்டுப் போ. இது உசுரோட நிக்கற வரைக்கும் கடன் நிக்குது. கடன் நிக்கற வரைக்கும் எம்புள்ளைய உன்ற மடியில உக்கார வெக்க மாட்டேன். வூட்டுக்கும் வந்துறாத’ன்னுச்சு. கோவத்துல சொல்லலீங்க. கோவத்துல சொல்லியிருந்தா நான் திருப்பிப் பேசியிருப்பேன்.

என்னங்கண்ணா? சொல்லீட்டனான்னா? எண்ணெய் விசயத்தைங்களா? எப்படிங்க சொல்றது? சொன்னா இந்தக் கெடாவோட உசுரு போச்சுல்ல. ஒரு உசுருங்கண்ணா! நீங்க பப்ஸு சாப்பிடறவரு, உங்களுக்கு எப்படிப் புரியும்? கோவிச்சுக்காதீங்க. வாய்தான்.

ஜெயிச்சுட்டன்னுதான் நெனைச்சேன். கெடாவும் நானும் நிக்கற படத்தை எங்க கூட்டத்து வாட்ஸப்புல போட்டேன். இதயமா வந்து கொட்டுச்சு. ஒருத்தி அழுதுட்டேன்னு எழுதுனா. ‘யாராவது வெச்சுக்கறீங்களா’ன்னு அடுத்த வரி போட்டேன். எல்லாரும் பாத்ததுக்கு நீலக்குறி வந்துச்சு, பதிலு வரல. தனியாக் கூப்பிட்டுக் கேட்டா ஒருத்தருக்கு அபார்ட்மெண்டு. இன்னொருத்தருக்கு நாய் இருக்குதாமா. எங்க தலைவரு, ‘மணியன் ஒரு அடையாளம், பூபதி’ன்னாரு. அடையாளம் மொட்டை மாடியில புழுக்கை போடுதுங்க, வாடகை வூட்டுக்காரரு மூட்டை கட்டுங்கறாரு. கோசாலைக்குக் கூட்டிட்டுப் போனேன். ‘மாடு மட்டுந்தானுங்க’ன்னு கேட்டைச் சாத்திட்டாங்க. ஆடு உசுரில்லையாமா. ரெண்டு வாரமா இதைப் புடிச்சுட்டு அலையறேன். கடையில லீவு தீந்துருச்சு. ஒடம்பெல்லாம் எண்ணெய்க்கு மண்ணு ஒட்டிக்கிச்சு, தவுடு போட்டுத் தேய்ச்சு எடுத்தேன். குளிப்பாட்டல. ஒரு சொட்டுத் தண்ணி மேல படாமத்தான் வெச்சிருக்கறேன். சளி புடிக்கும்னு சொன்னனல்ல?

மூடநம்பிக்கை எனக்குக் கெடையாதுங்க. அதைத் தெளிவாச் சொல்லீர்றேன்.

இன்னைக்குக் காத்தால மாமா கூப்பிட்டாரு. ‘பாப்பாவுக்கு மூணு நாளாக் காய்ச்சல், எறங்கறதில்ல’ன்னாரு. இப்ப எங்க பாத்தாலும் காய்ச்சல்தானுங்களே? ஐப்பசியில வராம பொறகெப்ப வரும்? நேத்துக் கடையிலகூட ரெண்டு பேரு வரல. இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? நான் மாமாகிட்ட ‘அக்காகிட்டக் குடுங்க’ன்னேன். குடுத்தாரு. மூச்சு உடறது மட்டும் கேட்டுச்சு. ‘அக்கா, டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போ, அக்கா, பப்பாளி எலை’ன்னு நான்பாட்டுக்குப் பேசிட்டிருக்கறேன், அந்தப் பக்கட்டு வெச்சுருச்சு. அதுக்கப்பறம் எத்தனை தடவை கூப்பிட்டாலும் எடுக்கறதில்ல. இதோ இப்பக்கூடப் பாருங்க. மணி அடிச்சுட்டே இருக்குது. இந்தப் பஸ்ஸு ஏனுங்க இப்படி ஊருது?

அய்யய்யோ, மழை புடிச்சுருச்சு. அந்தக் கண்ணாடியை இழுங்கண்ணா! எறங்காதா? நல்லா இழுங்க! துண்டு இருக்குதுங்களா? இங்கிட்டு வாடா, மணியா, காலுக்கடியில வா, தலையக் குனி, குனிடா...

...

பாத்தீங்களாண்ணா?

கழுத்துல இருந்து வாலு வரைக்கும்... நின்ன வாக்குல... என்ற வேட்டியெல்லாம் நனைஞ்சுருச்சு பாருங்க.

துளுக்கிருச்சுங்க.

இல்லீங்க. தண்ணி பட்டாச் சிலுப்பும். நான்தானே சொன்னேன், பதிவே போட்டிருக்கறேன். அது ஆட்டோட கொணம். அதுக்கு ஒரு அர்த்தமும் கெடையாது. அண்ணா, நீங்க பாக்கல. நீங்க முட்டை பப்ஸு தின்னதை நான் பாக்கலைன்னு சொன்னனல்ல? அதுமாதிரி நீங்களும் இதைப் பாக்கலைன்னு சொல்லீருங்க. ஒரு வார்த்தை சொல்லுங்களேன். ஏனுங்க இப்படிப் பாக்கறீங்க?

குண்டடம் வந்துருச்சுங்களா? ஆமாங், நான்தான் எறங்கோணும். விசிலு ஊதாதீங்க, எறங்கறேன். கெடாவை இழுத்துட்டு எறங்கோணுமல்ல? சித்தெ இருங்க.

அந்தத் தோட்டத்துக்காரரு பாக்கலாம்னுதானுங்க சொன்னாரு.

போலாமுங்க, கண்டக்டரண்ணா. வண்டிய எடுக்கச் சொல்லுங்க. எனக்கு மூலனூருக்கு ஒண்ணு போட்டுருங்க. கெடாவுக்குங்களா?

அதுக்கும் மூலனூருதானுங்க.